தனக்கா பூசிய நர்ஸ் தங்கச்சிக்கு

யாங்கோனில் அப்பாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். முந்தின நாள் சாயங்காலமே ஃபாரத்தில் எல்லாம் சரி என்று எழுதியாகிவிட்டது. நீங்கள் பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுக்க வந்தவர். அப்பா மொஹிங்காவை, அந்த ஊர் மீன்குழம்பு நூடுல்ஸை, சின்னக் கரண்டியின் நுனியால் உதட்டுக்குள் தள்ளுவதைப் பார்த்து அப்படியே நின்றீர்கள். கன்னத்தில் தனக்கா, அந்த ஊரில் பூசும் மரப்பட்டைச் சாந்து, இருந்ததால் பர்மியப் பெண் என்றே நினைத்தேன். “ஐயா, வாயை நல்லாத் திறங்க” என்றீர்கள், தமிழில். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒன்றரை விரல்தான் நுழைந்தது. நாற்பது வருஷக் கூன்யா, பாக்கு வைத்து மடித்த வெற்றிலை!

யாரும் கேட்காமலே மயக்க டாக்டருக்குப் போன் போட்டீர்கள். மறுநாள் அவர் விளக்கினார்: பாக்கு மென்று மென்று கன்னத்தின் உட்புறம் நாராக இறுகிவிட்டால், தசையைத் தளர்த்தும் மருந்துக்கும் அது இளகாது. மயக்கம் கொடுத்த பிறகு வாய்வழியாக மூச்சுக்கான குழாய் போடுவதும் கஷ்டம், அதற்குப் பதிலாகத் தொண்டையில் வைக்கும் லாரின்ஜியல் மாஸ்க்கை நுழைப்பதும் கஷ்டம். அதற்குள் மூச்சு என்னாவது? அதனால் மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போக வைத்து, அப்பா விழித்திருக்கும்போதே, கேமரா வைத்த மெல்லிய கருவியின் உதவியால் மூக்குவழியாகக் குழாயை இறக்கினார்கள். அப்புறம்தான் மயக்கம்.

நன்றி சொல்ல வார்டுக்கு வந்தபோது உங்கள் டியூட்டி முடிந்திருந்தது. பெயரைக்கூடக் கேட்கவில்லை, என் புத்தியைச் சொல்லணும்.

அப்பா கூன்யாவை விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். பாதிதான் விட்டிருக்கிறார். அவர் வாய்க்குள் அடித்துப் பார்த்த உங்கள் சின்ன டார்ச் எங்களிடமே தங்கிவிட்டது, தங்கச்சி. பேட்டரி மாற்றி வைத்திருக்கிறேன்.