விட்ட நடையை மறுபடி தொடங்குவது: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். சில வாரம் விடாமல் நடந்திருக்கிறாய். அப்புறம் சின்னவனுக்குக் காய்ச்சல், அது சரியாவதற்குள் ஆபீஸில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை, அதோடு நடை நின்றுவிட்டது. "எனக்கெல்லாம் இது சரிப்பட்டு வராதுடா" என்று முடித்திருந்தாய். 21 நாள் தாண்டினால் தானாகப் பழக்கமாகிவிடும் என்றார்களே, ஏன் ஆகவில்லை என்று கூடவே ஒரு கேள்வி. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, சாப்பிட்டாயா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த 21 நாளை முதலில் ஓரமாக வைத்துவிடு. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பிய எண் அது. முகத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகுவதற்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். காலையில் எழுந்து நடப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் யார் யாரோ எடுத்து எழுதி, இன்று உலகம் முழுக்க அது ஒரு விதி மாதிரி ஆகிவிட்டது.

உண்மையில் எவ்வளவு நாள் ஆகிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள். 2009இல் அது வெளியானது. 96 பேர், ஆளுக்கொரு சின்னச் செயலைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் 12 வாரம் செய்தார்கள். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர நடுமதிப்பாக (அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல்) 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிக அதிகம்: 18 நாளிலிருந்து 254 நாள் வரை. 12 வாரம் என்றால் 84 நாள்தானே, 254 எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாய், கணக்கு பார்க்கிறவள் ஆயிற்றே. கிடைத்த பதிவுகளின் போக்கை வைத்து முன்னோக்கிக் கணித்த எண் அது. தண்ணீர் குடிப்பது மாதிரியான செயல்கள் சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி மெதுவாகத்தான் படிந்தது. ஆகவே சில வாரத்தில் உனக்குப் பழக்கமாகாமல் போனதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அதற்குள் ஆகியிருந்தால்தான் ஆச்சரியம்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நடுவில் ஒரு நாள் தவறவிட்டதால் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. மறுநாள் தொடர்ந்தவர்களுக்கு அது ஏறக்குறைய விட்ட இடத்திலிருந்தே வளர்ந்தது. அப்படியென்றால் விட்டுப்போன நாளால் பெரிய சேதம் இல்லை. அந்த நாளுக்குப் பிறகு நாம் நமக்குள் சொல்லிக்கொள்கிறோமே ஒரு வசனம், சேதம் அதில்தான்.

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்பார்களே, அந்த மனநிலை. ஜேனட் பொலிவி, பீட்டர் ஹெர்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களிடம் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். இன்றைக்குக் கட்டுப்பாடு உடைந்துவிட்டது என்று தோன்றிய மாத்திரத்தில், அதுவரை கவனமாக இருந்தவர்கள் அன்று கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நடையிலும் இதே கதைதான். செவ்வாய்க்கிழமை போக முடியவில்லை, சரி, இந்த வாரம் போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்க்கலாம். அந்தத் திங்கட்கிழமை அடுத்த மாதம் முதல் தேதி ஆகும், அப்புறம் வருடப் பிறப்பு ஆகும்.

உன் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் வேறு தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டுகிறது. எனக்கு அந்த வசதி பிடிப்பதில்லை. எண்ணிக்கை ஏறும்போது உற்சாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு காய்ச்சல் வந்து அது பூஜ்யத்துக்கு விழுந்த அன்று, நீ நடந்த அத்தனை நாளும் இல்லாமல் போனது மாதிரி தோன்றுகிறதே, அது பச்சைப் பொய். உன் இதயமும் காலும் பூஜ்யத்துக்குப் போகவில்லை. வாரத்துக்கு எத்தனை நாள் என்று மட்டும் பார்த்துக்கொள். நான்கு வந்தால் நல்ல வாரம், இரண்டு வந்தாலும் அது ஒரு வாரம்தான்.

நீ நேரம் குறித்துக்கொண்டு நடந்தது நல்ல யோசனை. 2002இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. இன்னொரு குழுவுக்கு உடற்பயிற்சி இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாவது குழு அதையும் படித்துவிட்டு, அடுத்த வாரம் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் செய்யப்போகிறோம் என்று எழுதியும் கொடுத்தது. அந்த வாரத்தில் ஒரு முறையாவது பயிற்சி செய்தவர்கள் முதல் குழுவில் 38 சதவீதம், படித்து மட்டும் பார்த்த குழுவில் 35, எழுதிக் கொடுத்த குழுவில் 91. அறிவுரை படிப்பதால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம் (இந்தக் கடிதத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்).

ஆனால் நேரம் குறிப்பதில் ஒரு பொறி இருக்கிறது, நீ மாட்டிக்கொண்டது அதில்தான் என்று நினைக்கிறேன். கூகுள் நிறுவன ஊழியர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2021இல் முடிவுகள் வெளியாயின. ஒரு பகுதியினருக்கு, தாங்களே தேர்ந்தெடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஜிம்முக்குப் போனால்தான் ஊக்கத்தொகை. இன்னொரு பகுதியினர் எப்போது போனாலும் கிடைக்கும். குறித்த நேரத்தில் போகிறவர்களுக்குத்தான் பழக்கம் ஆழமாக வேர்விடும் என்று எல்லோரும் எதிர்பார்ப்போம். பணம் நின்ற பிறகு பார்த்தால், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற குழுவினர்தான் கூடுதலாகப் போனார்கள். மற்றவர்கள் தங்கள் நேரத்தை ஓரளவு காப்பாற்றினார்கள், ஆனால் அந்த நேரம் தவறினால் வேறு நேரத்தில் போவது குறைந்துவிட்டது. காலை ஆறு மணிக்குப் போகிறவர் ஆறரைக்கு எழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

உனக்கும் காலை நடை தவறிய நாளில் மாலை நடக்கலாமே என்று தோன்றவில்லை, இல்லையா? பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட பிறகும்கூட அந்தக் காலை நேரம் திரும்ப அமையட்டும் என்று காத்திருந்தாய். ஆகவே நேரம் குறி, ஆனால் இரண்டு நேரம் குறி. முதல் நேரம் போனால் அடுத்தது எது என்பதை முன்பே எழுதி வைத்துவிடு. அதுவும் போனால் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் மாடிப்படி ஏறி இறங்கு. எதுவுமே முடியாத நாட்களும் வரும், வரட்டும். ஊருக்குப் போவது, கணக்கு முடிப்பு, தேர்வு மாதம் என்று முன்கூட்டியே தெரிந்த இடைவெளி வரும்போது, திரும்ப நடக்கப்போகும் தேதியை அது தொடங்கும் முன்பே காலண்டரில் குறித்து வை. திரும்பி வருவதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள் என்கிறேன், நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான்.

இது என் சொந்தச் சரக்கு மட்டும் இல்லை. அதே 2021இல் கேட்டி மில்க்மேன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் தலைமையில் இன்னொரு மாபெரும் சோதனையின் முடிவு வந்தது. 61,000க்கும் மேற்பட்ட ஜிம் உறுப்பினர்கள், அவர்களை வர வைக்க 54 விதமான நான்கு வாரத் திட்டங்கள். எல்லாவற்றிலும் முதலாவதாக வந்த திட்டம் எது தெரியுமா? ஒரு நாள் தவறவிட்டவர் மறுபடி வந்தால் அவருக்கு ஒரு துளி கூடுதல் வெகுமதி. தொகை அற்பம், ஆனால் தவறியதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்கு ஒரு வழி விட்டது அந்தத் திட்டம். கூடவே ஒரு கசப்பான தகவலையும் சொல்லிவிடுகிறேன்: நான்கு வாரம் முடிந்த பிறகும் அளந்து பார்க்கும்படியாக மாற்றம் நிலைத்தது 8 சதவீதத் திட்டங்களில்தான். எந்த ஆப்பும் எந்தச் சவாலும் ஒரே மாதத்தில் ஒருவரை மாற்றிவிடாது.

இன்னொன்று, அக்கா. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் நிற்பது உன் நடை. அத்தானுடைய நடை நின்றதா? இதை மன உறுதிக் குறைவு என்று நீ எழுதியிருப்பதைப் படித்தபோது கொஞ்சம் கோபம்தான் வந்தது. அத்தானிடம் அந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்கு. சண்டை போட்டாலும் பரவாயில்லை.

சரி, திரும்பிப் போகும் முதல் நாளைப் பற்றி. மூச்சு வாங்கும், அதை எதிர்பார்த்தே போ. பயிற்சி நின்ற கொஞ்ச நாளிலேயே ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவின் அளவு குறையத் தொடங்குகிறது, அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தமும் குறைகிறது. இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். தசையின் வலு அவ்வளவு வேகமாக இறங்காது, இழந்ததும் முதல் தடவையைவிடச் சீக்கிரம் திரும்பி வரும். பலர் செய்யும் தவறு, விட்ட நாட்களுக்கும் சேர்த்து முதல் நாளே ஈடுகட்டப் பார்ப்பது. மறுநாளும் அதற்கு மறுநாளும் உடம்பெல்லாம் வலி (பழக்கமில்லாத வேலைக்குப் பிறகு தசைவலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும்), அதோடு மறுபடி ஓய்வு. நீ பாதி தூரம் போய்த் திரும்பிவிடு. இன்னும் கொஞ்சம் போயிருக்கலாமே என்று தோன்றும்போதே வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது. மூச்சு முட்ட முட்டச் செய்யும் பயிற்சி அந்த நேரத்தில் இனிமையாக இருப்பதில்லை, இனிமையில்லாததை மனம் தள்ளிப்போடத்தான் பார்க்கும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

நேரம் இல்லை என்றும் எழுதியிருந்தாய். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்கிறது, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் சேர்த்து. 2010இல் அவர்கள் விதி எழுதியபோது, குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்றார்கள். 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்துக்கு வேகமாக நடக்கும் நான்கு நிமிடமும் கணக்கில் வரும். அன்றாட வேலையோடு கலந்த அசைவு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் லண்டன் மாடி பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அந்த நடத்துநர்களுக்கு உடற்பயிற்சி செய்கிறோம் என்ற நினைப்பே இருந்திருக்காது.

பத்தாயிரம் காலடிகளைப் பற்றியும் கவலைப்படாதே. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. ஐ-மின் லீ என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 72 ஆன 16,000க்கும் மேற்பட்ட பெண்களில், நாளுக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. நீ அவர்களைவிட வயதில் சின்னவள், இன்னும் கொஞ்சம் நடக்கலாம். ஆனால் பத்தாயிரம் வரவில்லையே என்று ராத்திரி ஹாலுக்குள் சுற்றிச் சுற்றி வராதே. அந்த நேரத்தில் தூங்கு.

எடை பார்க்கும் மெஷினையும் சில மாதம் மறந்துவிடு. நடையால் மட்டும் எடை பெரிதாக இறங்குவதில்லை. அதைப் பார்த்துப் பார்த்தே நல்ல பழக்கத்தை விட்டவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒரே ஒரு தடவை நடந்தாலும், வேலை செய்யும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அன்றைக்கே கிடைக்கும் பலன் அது, எடை மெஷினில் தெரியாது.

கடைசியாக, மூட்டு. நடந்தால் தேய்ந்துவிடுமோ என்று கேட்டிருந்தாய். முழங்கால் தேய்மானம் இருப்பவர்களுக்கே மருத்துவர்கள் முதலில் சொல்லும் சிகிச்சைகளில் உடற்பயிற்சி ஒன்று. நடக்கும்போது லேசாக வலித்து, மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். வீக்கம் வந்தாலோ வலி அடுத்த நாளும் அப்படியே இருந்தாலோ தூரத்தைக் குறை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைத் தினமும் கொஞ்சம் செய், தொடைத் தசை வலுப்பட்டால் மூட்டுக்கு ஆறுதல். ஆனால் நடக்கும்போது நெஞ்சு இறுகுவது, தலை சுற்றுவது, வழக்கத்துக்கு மீறி மூச்சுத் திணறுவது, இதில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். போன தடவை பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது என்றாயே, இந்த வாரம் ஒரு தடவை பார்த்துவிட்டு எவ்வளவு இருந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் தம்பி