தூங்கினால் ரசிக்கவில்லை என்று அர்த்தமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மணிக்கணக்கில் நீளும் பரிசோதனை இசை நிகழ்ச்சிகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கலைஞர்களைக் குறை சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அரங்கில் தூங்கியவர்களையும் பாதியில் எழுந்து போனவர்களையும் காட்டி, இது யாருக்குமே பிடிக்கவில்லை, வாய்விட்டுச் சொல்லத்தான் தயங்குகிறார்கள் என்று முடித்திருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தியின் 'வெக்சேஷன்ஸ்' பற்றிய பேச்சு உங்கள் கட்டுரையில் ஒரே வரியோடு போய்விட்டது. 1893 வாக்கில் எழுதப்பட்ட, ஒரே பக்கத்தில் அடங்கும் பியானோ இசை அது. அதை அடுத்தடுத்து 840 முறை வாசிப்பதென்றால் முன்கூட்டியே மனதைத் தயார்செய்துகொள்வது நல்லது என்று சாத்தி குறிப்பு எழுதிவைத்தார். 1963 செப்டம்பரில் நியூயார்க்கின் பாக்கெட் தியேட்டரில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் அதை முழுதாக அரங்கேற்றினார். கலைஞர்கள் முறைவைத்து மாறி மாறி வாசித்தும், மாலை 6 மணிக்குத் தொடங்கியது மறுநாள் மதியம்தான் முடிந்தது. கட்டணம் 5 டாலர். உள்ளே இருக்கும் ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் 5 சென்ட் திருப்பித் தரப்பட்டது. வந்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் போவார்கள் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு அது. ஆக, எழுந்து போனவரும் அந்த நிகழ்ச்சியைச் சேர்ந்தவர்தான். கார்ல் ஷென்சர் என்ற நடிகர் கடைசிவரை இருந்தார் என்பது தனிக் கதை.

2020 மே மாத இறுதியில், ஊரடங்கின்போது, பியானோ கலைஞர் இகோர் லெவிட் இதையே பெர்லினிலிருந்து தனியாளாக வாசித்து இணையத்தில் நேரலையாகத் தந்தார். நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன். முதலில் எரிச்சல்தான் வந்தது. அந்த மெட்டு எங்கேயும் போய்ச் சேராது, மனதிலும் பதியாது. அப்புறம் அடுப்பு வேலையைப் பார்க்கப் போனேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது காது வேறு மாதிரி கேட்டது. கீழ்ஸ்தாயி மட்டும் தனியாக ஒலிக்கும் இடத்தில், ஒரு முறை விரல் அழுந்துகிறது, இன்னொரு முறை தொட்டும் தொடாமலும் போகிறது. ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்த தாளை எடுத்துத் தரையில் போடுகிறார். அந்தச் சின்ன வித்தியாசங்களுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். எரிச்சல் வந்த நிமிடமே நிறுத்தியிருந்தால் இது கிடைத்திருக்காது.

எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. 1970இல் பீட்டர் எவன்ஸ் என்ற கலைஞர் இதே இசையை வாசித்தபோது, 595ஆவது முறையில், கெட்ட எண்ணங்கள் மனதில் புகுவதாகச் சொல்லி வாசிப்பதை நிறுத்திவிட்டார். அப்படியொரு பாதிப்பும் உண்டு. அதை வெறும் சலிப்பு என்று ஒதுக்க முடியுமா?

சரி, யாராலும் முழுதாகக் கேட்கவே முடியாத இசையை என்ன சொல்வது? ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் நகரத்துப் பழைய தேவாலயத்தில் ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவிக்காகக் கேஜ் எழுதிய இசை 2001இல் தொடங்கியது. 2640ஆம் ஆண்டு வரை நீளும். மணல் மூட்டைகளின் கனத்தில் ஆர்கனின் கட்டைகள் அழுந்தியே இருக்கின்றன. சாதாரண நாளில் போகிறவருக்கு பல சுரங்கள் சேர்ந்த ஒரே கூட்டொலிதான் மாறாமல் கேட்கும். 2024 பிப்ரவரியில் அந்தக் கூட்டொலி மாறியபோது, அதைக் கேட்கவென்றே ஆட்கள் கூடினார்கள். அவர்களை அங்கே வரச் செய்தது எது என்று கட்டுரையாளர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

இப்படிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களிடம், நடுவில் தூங்கியவர்களையும் சேர்த்து, பேசி ஒரு கட்டுரை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்