தேதியோடு தெரியுமாம் எங்களுக்கு!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உலக முடிவு பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: “கிறிஸ்தவர்களுக்கு உலகம் முடியும் நாள் தேதியோடு தெரியும், ஆகவே நாளையைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில்லை.” மூன்று முறை படித்தேன். மேசைமேல் வீட்டு வரி ரசீதும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் கிடந்தன. கவலையற்றோர் கூட்டத்தில் என்னையும் சேர்த்ததற்கு நன்றி.

வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியின் பேச்சை நம்பி அமெரிக்காவில் 1844 அக்டோபர் 22 அன்று ஆயிரக்கணக்கானோர் காத்திருந்து ஏமாந்ததைக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். வானொலிப் பிரசங்கி ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்று சொல்லி, அது பொய்த்ததும் அக்டோபருக்கு மாற்றியதையும் எழுதியிருக்கிறார். மறுக்கவில்லை. ஆனால் அதே கேம்பிங் மறு வருடமே, நாள் குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டாரே, அது எங்கே போயிற்று? அமெரிக்கா வரை போய்வந்தவர் பக்கத்துத் திருவிதாங்கூரையாவது எட்டிப் பார்த்திருக்கலாம். தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், இயேசு 1881இல் வந்துவிடுவார் என்று அங்கே ஒரு சபையையே திரட்டினார். அந்த வருடமும் மற்ற வருடங்களைப் போலவே கழிந்தது.

நாள் குறிப்பவர்களின் வாயை முதலில் அடைப்பது வேதமே. “அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்” என்று மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. குமாரனும் அறியார் என்று மாற்கு இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஆராதனையில் எங்கள் நம்பிக்கையின் சுருக்கமான விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது “நியாயந்தீர்க்க வருவார்” என்கிறோம். எந்தத் தேதியில் என்று அதில் ஒரு சொல் கிடையாது. இயேசுவின் இரண்டாம் வருகை சமீபம் என்று வேலையை விட்டுத் திரிந்த தெசலோனிக்கே ஊர்ச் சபையாரிடம், வேலைசெய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் சொன்னதும் தாங்கள் அறியாததா?

இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு மட்டும் எழுதவில்லை. 1999 நவம்பர் கடைசியில் அஞ்சலகக் கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் என் மூத்த அண்ணன். மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிய கிசான் விகாஸ் சேமிப்புப் பத்திரங்களை நீட்டினார். முதிர்வதற்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. வீட்டிலேயே பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். 2000 பிறப்பதற்குள் வருகை என்று ஒரு ஊழியக்காரர் பந்தலில் முழங்கியதன் பலன். என் முகத்தைப் பார்க்காமல், தபால்தலை விலைப்பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பணம், அவர் கையெழுத்து. எந்த விதியைக் காட்டி மறுப்பது? எண்ணிக் கொடுத்தேன். அவ்வளவும் காணிக்கைக் கவரில் போயிற்று. அந்த மழைக்கு அவர் வீட்டு மாடித்தளம் ஒழுகியது. “இன்னும் ஒரு மாதத்துக்கு எதற்குச் சிமெண்டு?” என்றார். “வருகிறவர் ஒழுகுகிற வீட்டுக்கா வருவார்?” என்று அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை. ஜனவரி முதல் தேதி காலையில் அவர் வெள்ளைச் சட்டையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பொங்கலுக்கு முன் கொத்தனாரைக் கூப்பிட்டுத் தளம் போட்டுக் கொடுத்தது நான்தான். ஊழியக்காரர் மார்ச்சில் வேறு ஊரில் பந்தல் போட்டார்.

தென் கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று நாள் குறித்த லீ ஜாங் ரிம் என்ற போதகர், 1993இல் முதிரும் கடன்பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார். மோசடி வழக்கில் சிறைக்குப் போனார். எங்கள் அண்ணனுக்கு அந்த விவரம்கூட இல்லை, முதிர்கிற பத்திரத்தை உடைத்தார்.

இப்படி எங்களைச் சுரண்டுகிறவர்களையும் சுரண்டப்பட்ட எங்களையும் ஒரே வரியில் கட்டிப்போடுவதுதான் பொறுக்கவில்லை. அந்த இதழின் பின்னட்டையைத் திருப்பினால் ‘வருகைக்கு ஆயத்தமா?’ என்று முழுப்பக்க வண்ண விளம்பரம், காணிக்கை அனுப்ப வங்கிக் கணக்கு எண்ணோடு! உள்ளே கேலி, பின்னட்டையில் வாடகை.

சொல்ல வந்துவிட்டேன், மீதியையும் சொல்கிறேன். தங்கள் இதழில் ரோமன் கத்தோலிக்கப் பங்குத்தந்தையும் எங்கள் குருவானவரும் பெந்தெகொஸ்தே பாஸ்டரும் எல்லாரும் ‘பாதிரியார்’. (திருநெல்வேலிப் பக்கம் நாங்கள் ‘ஐயர்’ என்போம், அதை அச்சிட்டால் தங்கள் குழப்பம் கூடும், வேண்டாம்.) வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் எப்போதும் ‘வெளிப்படுத்திய விசேஷம்’. டிசம்பர் வந்தால் எங்களைப் பற்றித் தங்களுக்குத் தெரிவது பிளம் கேக் மட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் ஆகமன காலம் என்றும், முதல் வருகையோடு இரண்டாம் வருகையையும் அப்போது நினைக்கிறோம் என்றும் இரண்டு வருடத்துக்கு முன் எழுதினேன். கடிதம் பிரசுரமானது, கேக்கைப் பாராட்டிய வரி மட்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், ‘கிறிஸ்தவர்களுக்கு’ என்பதை ‘சில பிரசங்கிமாருக்கு’ என்று திருத்திப் படிக்கவும் என ஒரு வரி போடுங்கள். சிறிய எழுத்தில் போட்டாலும் போதும்.

சந்தா அடுத்த மாதம் முடிகிறது. மூன்று வருடத்துக்கான காசோலையை இணைத்திருக்கிறேன். போன தடவை ரசீதில் பின்கோடு தப்பாக இருந்தது; முப்பத்திரண்டு வருடம் அஞ்சலகத்தில் இருந்தவளுக்கு அது உறுத்துகிறது.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
பாளையங்கோட்டை.