'தி கிரேஸீஸ்' திரையிடலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

வணக்கம். ராணுவத்தின் கிருமி ஒன்று பரவிச் சிற்றூர் மக்களைப் பைத்தியமாக்கும் கதை, ஜார்ஜ் ரொமேரோவின் 'தி கிரேஸீஸ்' (1973) என்ற அமெரிக்கத் திகில் படம். அதைத் தமிழ் சப்டைட்டிலோடு பிட்ஸ்பர்க் தமிழ் நண்பர்களுக்குத் திரையிட்டு முடித்தோம். நிறையப் பேர் உழைத்திருக்கிறீர்கள். நேரில் சொன்னது போதவில்லை.

முதல் நன்றி வசனங்களைக் கேட்டு எழுதித் தந்த தங்கைக்கு. இந்தப் படத்தில் பாதிப் பேச்சு வாயுக் கவசத்துக்குள்ளிருந்து வருகிறது. ராணுவத்தார், மருத்துவர்கள், மேயர் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். வேலை முடிந்து வந்து, இரவில் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டு அத்தனையையும் பிரித்தெடுத்தது அவள்தான்.

படம் எடுக்கப்பட்ட எவன்ஸ் சிட்டி, ஸெலியனோப்பிள் என்ற சிற்றூர்களுக்குக் காரில் அழைத்துப்போன பெரியவருக்கு நன்றி. சுமார் 2,75,000 டாலரில் எடுத்த படம். பெரிய செட் எதுவும் கிடையாது. அந்தச் சிற்றூர்களின் தெருவும் பள்ளிக்கூடமும் வயல்வெளியும்தான் களம், ஊர்க்காரர்களே பல காட்சிகளில் நின்றார்கள். ரொமேரோவின் 1968 படமான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'டில் முதல் நடைப்பிணமாக வரும் பில் ஹின்ஸ்மன்தான் இதற்கு ஒளிப்பதிவாளர். அவர் நடந்துவந்த கல்லறைத் தோட்டமும் எவன்ஸ் சிட்டியில்தான் இருக்கிறது. அங்கே நின்றபோது, கையிலிருந்ததை வைத்துப் படமெடுத்த அந்தக் கூட்டத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

படத்துக்கு முன் பேசிய பேராசிரியர் அண்ணனுக்கும் கடன்பட்டிருக்கிறோம். 1968இல் யூட்டாவின் டக்வே ராணுவத் தளத்தில் நடந்த நச்சு வாயுச் சோதனைக்குப் பிறகு, அதன் அருகே ஆயிரக்கணக்கில் செம்மறியாடுகள் செத்தன. 1969 நவம்பரில் உயிரி ஆயுதங்களைக் கைவிடுவதாக அமெரிக்க அதிபர் நிக்ஸன் அறிவித்தார். 1970 மே 4 அன்று, பக்கத்து ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்த போர் எதிர்ப்புப் போராட்டத்தில் தேசியக் காவல் படை சுட்டு 4 மாணவர்கள் இறந்தார்கள். இதையெல்லாம் கேட்டபின் பார்த்ததால், படத்தில் 'ட்ரிக்ஸி' என்ற அந்தக் கிருமியோடு விமானம் விழுந்து குடிதண்ணீர் கெடுவதும், ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் வெள்ளை உடைக்காரர்கள் வீடு புகுந்து குடும்பங்களை இழுத்துப்போவதும் யாருக்கும் கற்பனையாகத் தோன்றவில்லை.

ஓய்வுபெற்ற செவிலியர் அக்காவை என்ன சொல்லிப் பாராட்டுவது? ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் சிப்பாயைக் குத்தும் பாட்டியைப் பற்றியும், சண்டைக்கு நடுவே புல்வெளியைப் பெருக்கிக்கொண்டே போகும் பெண்ணைப் பற்றியும் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, அவர் படத்தில் வரும் ஆராய்ச்சியாளர் டாக்டர் வாட்ஸைப் பிடித்துக்கொண்டார். மருந்துக்கு வழி கண்டுபிடித்து ஓடிவரும் மனிதரை, அவர் யாரென்றே அறியாத காவல் சிப்பாய்கள் நோயாளிக் கூட்டத்துக்குள் தள்ளிவிடுகிறார்கள். படிக்கட்டில் விழுகிறார், சோதனைக் குழாய்கள் நொறுங்குகின்றன. "அந்தச் சிப்பாய்க்கும் யாரும் எதையும் சொல்லவில்லையே" என்றார் அக்கா. இந்தப் படத்தின் கொடூரம் ரத்தத்தில் இல்லை, அங்கேதான் இருக்கிறது என்று நானும் நம்புகிறேன். துப்பாக்கி ஏந்தியவனையும் இருட்டில் வைத்திருக்கும் அதிகாரத்தை இவ்வளவு நேராகக் காட்டிய திகில் படங்கள் குறைவு.

வெளியானபோது படம் ஓடவில்லை. ஹின்ஸ்மன் 2012இலும் ரொமேரோ 2017இலும் காலமானார்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி.

புரொஜெக்டர் தந்த தம்பிக்கும், சுக்குக் காபி போட்டு வந்த அத்தைக்கும், நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கடைசியாகக் கிளம்பிய பிள்ளைகளுக்கும் மனமார்ந்த நன்றி. சப்டைட்டில் கோப்பில் இன்னும் சில வரிகளைத் திருத்த வேண்டும். அந்த வேலைக்கும் உங்களைத்தான் கூப்பிடப் போகிறேன்.

அன்புடன்,
திரையிடல் ஏற்பாட்டாளர்