பழுது டிஸ்கில் இல்லை, வயரில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளச்சலில் 18 வருடமாக ஸ்டுடியோ நடத்தி வருகிறேன். எடுத்த வீடியோ எல்லாம், கம்ப்யூட்டரோடு நெட்வொர்க் கேபிளில் இணைந்த, நாஸ் என்று சொல்லும் நான்கு டிஸ்க் பெட்டியில்தான் இருக்கின்றன. 2017 ஒக்கிப் புயலில் போனவர்கள் சிலர் கல்யாண வீட்டில் சிரித்துப் பேசும் காட்சிகளும் அதில் உண்டு. அவர்கள் வீட்டார் இன்றும் வந்து கேட்கிறார்கள்.

போன ஆவணியில் பெட்டி மெதுவாகிவிட்டது. 40 ஜிபி வீடியோவை ஏற்ற ஆறேழு நிமிடம் ஆகும்; அது ஒரு மணி நேரம் ஆனது. பார்க்க வந்தவர், "நாலு டிஸ்கையும் மாத்தணும், 40,000 ரூபாய் ஆகும்" என்றார். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் புது டிஸ்கில் தகவல் நிரம்பும் வரை பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். நடுவில் இன்னொரு டிஸ்க் போய்விட்டால்? எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

சரி, காசு கொடுக்கும் முன் நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பெட்டியின் செட்டிங்கில் நான்கு டிஸ்கும் நல்ல நிலையில் இருப்பதாகவே காட்டியது. காப்பி ஆகும் வேகம் மட்டும் நொடிக்கு 11 எம்பியிலேயே ஆடாமல் அசையாமல் நின்றது. டிஸ்க் கெட்டால் பெரும்பாலும் வேகம் ஏறி இறங்கும், இப்படி நிற்காது. இது 100 மெகாபிட் என்ற மெதுவான இணைப்பின் அளவு. அதைவிடப் பத்து மடங்கு வேகமான ஜிகாபிட் ஓட கேபிளுக்குள் இருக்கும் 8 கம்பியும் வேண்டும். 100க்கு 4 போதும். அதனால் மற்ற நான்கில் ஒரு கம்பி பழுதானால், இணைப்பு அறுந்து போகாமல் வேகம் மட்டும் இறங்கிவிடலாம். யாருக்கும் கேபிள் மேல் சந்தேகமே வராது.

எங்கள் கேபிள் கடல் பக்கச் சுவரில், சன்ஷேடுக்கு அடியில் போகிறது. முனையைக் கழற்றிப் பார்த்தால் தகடுகளில் பச்சைக் களிம்பு. கம்பியை பிளேடால் சுரண்டினேன். செம்புப் பூச்சுக்குள் வெள்ளையாக அலுமினியம்! உப்புக்காற்றில் அது சீக்கிரம் அரித்துவிடும். செம்பு என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். முழுச் செம்பில் கேட் 6 கேபிள் வாங்கி வீட்டுக்குள்ளேயே இழுத்தேன். சில நூறு ரூபாயோடு முடிந்தது. அப்புறம் அதே வீடியோ ஆறு நிமிடத்தில் ஏறியது.

தேங்காப்பட்டணத்திலிருந்து கன்னியாகுமரி வரை இந்த உப்புக்காற்றில் எத்தனை பள்ளி, ஆஸ்பத்திரி, கடைகளில் இப்படிப்பட்ட கேபிள் ஓடுகிறதோ! அலுமினியக் கேபிள் என்றால் கடைக்காரர்கள் வாங்குபவரிடம் அதைச் சொல்லியே விற்க வேண்டும். பழுது பார்க்க வருகிறவர்களும் டிஸ்கைக் கழற்றும் முன் ஒரு நல்ல கேபிளை மாட்டிப் பார்க்கட்டும். ஐந்து நிமிட வேலைதான்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர், குளச்சல்.