அந்த அக்ரிலிக் தகட்டைக் கழற்றுங்கள்: ஏரிக்கரைப் பறவைகள் சரணாலய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சாரல் உள்ளே அடிக்கிறது என்ற புகாருக்காக, பறவைகள் கண்ணில் படாமல் இருந்து பார்க்கும் மறைவிடத்தின் பார்வைத் திறப்புகளை அக்ரிலிக் தகடு வைத்து, திருகாணி முடுக்கி அடைத்துவிட்டீர்கள். சாரல் நின்றது உண்மைதான். கூடவே பறவை பார்ப்பதும் நின்றுவிட்டது.

சென்ற வாரம் விடாமல் பெய்த மழையில் உள்ளே பட்ட பாட்டை உங்கள் காவலரிடமே கேளுங்கள். தகட்டின் வெளிப்புறம் முழுக்க நீர்த்துளி. துடைக்கக் கை எட்டாது. உட்புறம், பத்துப் பேர் விடும் மூச்சில் ஆவி படிந்துவிடுகிறது. சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துக் கீறலும் விழுந்தாயிற்று. தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கும் 600 மி.மீ. லென்ஸில் அந்தத் துளிகள் தனித்தனியாகத் தெரியாது. எல்லாம் சேர்ந்து படத்தின் மேல் பால் ஊற்றியதுபோல் வெளுப்பாகப் படியும். ஆட்டோஃபோகஸ் எதையும் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் அலையும். லென்ஸ் முனையில் மாட்டும் ஹுட்டைத் தகட்டோடு ஒட்டி நேராக வைத்தால் பிரதிபலிப்பு குறையும். சற்றே பக்கவாட்டில் திருப்பினால் மீன்கொத்திக்கு இரண்டு அலகு! மழை வெளிச்சத்தில் லென்ஸ் துளையை எஃப்/6.3, ஷட்டரை 1/1000 நொடி என்று வைத்தாலே, கேமராவின் ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400 வரை ஏற்றவேண்டி வரும்; படம் புள்ளிபுள்ளியாகும். அதன்மேல் இந்த வெளுப்பும் சேர்ந்தால் இறகின் வரிகளை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

படம் போனால் போகட்டும். உள்ளே ஒன்றும் தெரியாதவர்கள் குடையோடு கரையில் போய் நிற்கிறார்கள். திடீரென விரியும் ஒரு குடை போதும், நாரைக் கூட்டமே எழும்பிவிடும். கூடு கட்டும் காலத்தில் தாய்ப்பறவை மழையில் எழுந்துபோனால், முட்டையும் இறகு முளைக்காத குஞ்சும் நனைந்து விறைத்துவிடும். இதைத் தடுக்கத்தானே மறைவிடம் கட்டினீர்கள்?

ஆகவே, தகட்டைக் கழற்றுங்கள். மேல்விளிம்பில் கீல் வைத்த பலகைக் கதவு போதும். வெளிப்பக்கமாகத் தூக்கிக் கம்பியால் முட்டுக் கொடுத்தால் அதுவே சாரலையும் தடுக்கும். கதவு அசைந்தால் பறவைகள் மிரளும் என்பதால் விடியுமுன்பே திறந்து வைத்துவிட வேண்டும். காற்றடிக்கும் பக்கம் கூரையை 60 செ.மீ. நீட்டுங்கள். லென்ஸ் தாங்கும் பலகையின் வெளி விளிம்பில், அடிப்புறமாக ஒரு காடி (நீளப் பள்ளம்) வெட்டினால் தண்ணீர் உள்ளே வழியாமல் சொட்டிவிடும்.

நிதி இல்லை என்பீர்கள். வாசலில் செல்ஃபிக்காகச் சிமெண்ட் பூநாரை நிறுத்த மட்டும் நிதி இருந்தது. பக்கத்திலேயே ‘பாம்புத்தாரா’ என்று எழுதிய பலகையில் இருப்பது நீர்க்காகம். அலகு நுனி கொக்கியாக வளைந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை. அக்ரிலிக் தகடு வழியாகப் பார்த்துச் சரிபார்த்தார்கள் போலும்.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்தருள்க. இடி மின்னலின்போது மறைவிடத்தை மூடுங்கள். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. மற்ற மழை நாட்களில்தான் தகைவிலான்கள் தண்ணீரை உரசுமளவு தாழப் பறக்கின்றன; மழை விட்டதும் நீர்க்காகங்கள் இறகு விரித்து உலர்த்துகின்றன. அடுத்த மழைக்குள், நடுத் திறப்பில் மட்டுமாவது தகட்டைக் கழற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எட்டுத் திருகாணிகள்தான், உள்ளிருந்தே கழற்றலாம்.

இப்படிக்கு,
மழையிலும் வரும் பறவை நோக்கர்கள்