மீரில் பனியும் இல்லை, பிரெஞ்சுக்காரர்களும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நெப்போலியனின் 1812 ரஷ்யப் படையெடுப்பு பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் இன்றைய பெலாரூஸில் இருக்கும் மீர் என்ற ஊரில் நடந்த சண்டைக்கு நீங்கள் ஒதுக்கியது ஒரே ஒரு வரி, அந்த வரியும் பிரெஞ்சுக் குதிரைப்படை ரஷ்யப் பக்கத்துக் குதிரைவீரர்களான கோசாக்குகளிடம் தோற்றது என்கிறது. பக்கத்திலேயே ஓர் ஓவியம்: குதிரைகள் முழங்கால் அளவு பனியில் நிற்கின்றன, வீரர்களின் தலையில் உயரமான கரடித்தோல் தொப்பி. அதைப் பார்த்ததும்தான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பனி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மீரில் சண்டை நடந்தது ஜூலை 9, 10 தேதிகளில், நல்ல கோடைக்காலம். நெப்போலியன் ரஷ்ய எல்லையிலிருந்த நேமன் ஆற்றைத் தாண்டி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள்ளேயே வெயிலிலும் புயல்மழையிலும், காய்ந்த தீவனம் கிடைக்காமல் வயலில் நின்ற பச்சைக் கதிரைத் தின்று வயிறு கெட்டும், ஆயிரக்கணக்கான குதிரைகள் செத்து விழுந்திருந்தன. எல்லாப் பழியையும் பனியின் தலையில் போடும் பழக்கத்தை இனியாவது விடலாம்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது அந்த 'பிரெஞ்சு' என்ற சொல். மீரில் கோசாக்குகளோடு மோதியவர்கள் போலந்துக்காரர்கள். ஜெனரல் ரோஸ்னியெட்ஸ்கியின் படைப்பிரிவைச் சேர்ந்த உலான்கள், அதாவது ஈட்டி ஏந்திய குதிரைவீரர்கள். தலையில் சதுர உச்சி வைத்த தொப்பி, ஈட்டி முனைக்குக் கீழே சின்னக் கொடித்துணி, அது காற்றில் படபடத்தாலே யார் வருகிறார்கள் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். அவர்களுடைய நாட்டை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டு 1795இல் வரைபடத்திலிருந்தே அழித்திருந்தார்கள். 1807இல் நெப்போலியன் வார்சா டச்சி (கோமகன் ஆளும் சிறு நாடு) என்று ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்தார், மீதியும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் இவர்கள் அவர் பின்னால் போனார்கள். மீர் சண்டைக்குச் சில நாட்கள் முன்பு, ஜூன் 28 அன்று, போலந்து அரசு மீண்டும் பிறந்துவிட்டது என்று வார்சாவில் கூடிய சபை அறிவித்திருந்தது. அந்தச் சமயத்தில் குதிரையேறி வந்தவர்களைப் போய் பிரெஞ்சுக்காரர்கள் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாமா?

சண்டை நடந்த விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரஷ்யத் தளபதி பக்ரத்தியோன் தன் படையோடு தெற்கே பின்வாங்கிக்கொண்டிருந்தார். வடக்கே மின்ஸ்க் நகரை நெப்போலியனின் தளபதி தாவூ பிடித்துவிட்டார், மேற்கிலிருந்து நெப்போலியனின் தம்பி ஜெரோமின் படை வந்துகொண்டிருந்தது. நடுவில் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்க பக்ரத்தியோனுக்கு ஓரிரு நாள் அவகாசம் தேவைப்பட்டது. அதைச் சம்பாதித்துக் கொடுக்கும் வேலை தோன் ஆற்றங்கரைக் கோசாக்குகளின் தலைவர் பிளாத்தவுக்கு. அவர் செய்தது கோசாக்குகளின் பழைய உத்தி, அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வெந்தெர்'. ஆற்றில் போடுகிற ஒரு வகை மீன் கூட்டின் பெயர் அது, வாய் அகலமாக இருக்கும், உள்ளே போகப் போகக் குறுகும், போன மீன் திரும்பி வராது. வழியில் கொஞ்சம் பேரை மட்டும் கண்ணில் படும்படி நிறுத்தினார், பாதைக்கு இருபுறமும் நூறு நூறு பேராக மறைத்து வைத்தார். போலந்துத் தளபதி துர்னோவின் உலான்கள் அந்தக் கொஞ்சம் பேரைத் துரத்திக்கொண்டு மீர் ஊருக்குள் பாய்ந்து, ஊரைத் தாண்டியும் போனார்கள். அப்புறம்தான் இரண்டு பக்கமும் மூடிக்கொண்டது.

மறுநாள் சண்டை இன்னும் பெரிய அளவில் சிமகோவோ கிராமத்துப் பக்கம் மணிக்கணக்கில் நடந்தது. குத்தெய்னிகவ் என்ற இன்னொரு தளபதியின் கோசாக்குகள் தாமதமாக வந்து பக்கவாட்டில் இடித்தபோது போலந்து அணி உடைந்தது. பின்னால் இன்னொரு உலான் படைப்பிரிவு வந்து சேர்ந்திருக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். பக்ரத்தியோன் தப்பித்தார், ஆகஸ்டில் ஸ்மோலென்ஸ்க் நகரில் இன்னொரு ரஷ்யத் தளபதி பார்க்லேயின் படையோடு சேர்ந்தும்விட்டார். 'சிறு மோதல்' என்று ஒதுக்கிவிட முடியாதது இதனால்தான்.

எதிர்ப்பக்கத்தையும் 'ரஷ்யர்கள்' என்று ஒரே பெயரில் அடக்க முடியாது. சொந்தக் குதிரையோடு, சொந்தச் செலவில் வந்த தோன் கோசாக்குகள், குதிரையைக் குத்தி விரட்டும் முள்ளைக் காலில் கட்டாமல் கையில் சாட்டை வைத்துக் குதிரை ஓட்டுகிறவர்கள். பிளாத்தவின் படையில் கல்மிக்குகள், கிரிமியத் தாத்தாரியர்கள், பாஷ்கீர்கள் என்று பல இனத்தார் இருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மீர் கோட்டை அப்போது ராட்ஸிவில் குடும்பச் சொத்து. அதன் சொந்தக்காரர் டொமினிக் ராட்ஸிவில் நெப்போலியன் பக்கம் ஓர் உலான் ரெஜிமென்ட்டையே நடத்தியவர், 1813இல் ஹனாவ் போரில் பட்ட காயத்தில் இறந்துபோனார். அவருடைய மகள் பிற்பாடு மணந்தது, 1812இல் பிரெஞ்சுப் படையோடு மோதிய ரஷ்யத் தளபதி விட்கென்ஸ்டைனின் மகனை. ரோஸ்னியெட்ஸ்கியோ போருக்குப் பிறகு ரஷ்ய ஆட்சியின் கீழிருந்த போலந்தில் ரகசியப் போலீஸை நடத்தி ஊரார் வெறுப்பைச் சம்பாதித்தார். இதையெல்லாம் படிக்கும்போது, அந்த ஜூலை மாதப் புழுதியில் விழுந்த உலான்களை நினைத்து எனக்கு மனசு கனத்துப்போகிறது.

சரி, தொடரின் அடுத்த பகுதி வரும்போது ஒரு சிறிய திருத்தம் போட்டுவிடுங்கள்: போலந்து உலான்கள், ஜூலை மாதம், இன்றைய பெலாரூஸ். ஓவியத்தையும் மாற்ற முடிந்தால் அந்தச் சதுரத் தொப்பியை மறக்க வேண்டாம்.

அன்புடன்,
பல ஆண்டு வாசகர் ஒருவர்